கட்டணமில்லாக் கல்வியின் விலை: வறுமையும் பள்ளிப் பிள்ளைகளின் கற்றலும்

வறுமை பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறது என்பதை மறுப்பவர் எவரும் இலர். அது எந்த வழியாக, எந்த வயதில், நாளின் எந்தப் பொழுதில் கெடுக்கிறது என்று கேட்கும்போதுதான் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. வறுமையை ஒரே பெரும் சுமையாகக் கருதுவோர், அது முழுவதும் நீங்கும்வரை கல்வியில் பெரிதாக எதுவும் மாறாது என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர். அதைக் குடும்பத்தின் குணக்குறையாகக் கருதுவோர், பெற்றோருக்கு அக்கறை இருந்தால் எந்தப் பிள்ளையும் முன்னேறலாம் என்று சொல்லிக் கடந்துவிடுகின்றனர். இவ்விரு நோக்குகளும் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற ஒரே இடத்தில் வந்து முடிகின்றன. பசி, நோய், இடமின்மை, நேரமின்மை, தொலைவு, சில்லறைச் செலவு எனப் பிரித்துப் பெயரிடத்தக்க பல இன்மைகளின் வழியாகவே வறுமை கற்றலைத் தாக்குகிறது என்பதும், பெயரிடப்பட்ட ஒவ்வோர் இன்மைக்கும் நேரான மருந்து உண்டு என்பதும், ஒன்று தீரும்போது தடை அடுத்த படிக்கு நகர்கிறது என்பதும் இவ்வுரையின் கருத்து. இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க, நூறாண்டுக்கு மேலாக இந்த இன்மைகளை ஒவ்வொன்றாக எதிர்கொண்டுவரும் தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வி வரலாறு பெரிதும் துணைசெய்கிறது.

சொற்களும் அளவைகளும்

வறுமையை வருமானத்தால் அளப்பது பொதுவான வழக்கம். ஒரு குடும்பத்தின் வருவாயோ நுகர்வோ குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே இருப்பின் அது வறிய குடும்பம் எனப்படும். பொருள்சார் இன்மை என்பது இதனோடு தொடர்புடையதாயினும் வேறான கருத்து: ஒரு சமூகத்தில் இயல்பாக வாழ்வதற்குத் தேவையானவை என்று அக்காலத்து மக்கள் கருதும் உணவு, உடை, உறைவிடம், கருவிகள், வாய்ப்புகள் ஆகியவை ஒரு குடும்பத்துக்குக் கிட்டாதிருக்கும் நிலையை அது குறிக்கிறது. பிரித்தானியச் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 1979இல் வெளியிட்ட, தம் நாட்டு வறுமை பற்றிய பெருநூலில், தேவையின் அளவைச் சமூகத்தின் வழக்கமே வரையறுக்கிறது என்று விரிவாக நிறுவினார். இருபது ஆண்டுகளுக்கு முன் இணைய வசதியுள்ள கைப்பேசி இல்லாத மாணவரை எவரும் வறியவர் எனக் கருதியதில்லை. 2020இல் வகுப்பறையே கைப்பேசிக்குள் சென்றுவிட்டபோது, அது இல்லாத மாணவர் பள்ளியே இல்லாதவராகிவிட்டார்.

கல்வி அடைவு என்னும் தொடரையும் பிரித்துப் பார்ப்பது தேவை. பள்ளியில் சேர்தல், நாள்தோறும் வருதல், இடையில் நிற்காமல் தொடர்தல், உண்மையில் கற்றல், அடுத்த நிலைப் படிப்புக்குச் செல்லுதல் ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று சார்ந்தவை, எனினும் ஒன்றல்ல. கென்யாவின் மேற்குப் பகுதிப் பள்ளிகளில் குடற்புழு நீக்க மருந்து கொடுத்து எட்வர்ட் மிகேல், மைக்கேல் கிரீமர் ஆகிய பொருளியலாளர்கள் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று: பள்ளிக்கு வராமை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது, தேர்வு மதிப்பெண்ணில் உயர்வு எதுவும் தென்படவில்லை. ஒரு தடையை நீக்கியதால் பிள்ளை வகுப்பறைக்குள் வந்தது. வந்த பிள்ளை கற்பதற்கு வேறு பலவும் வேண்டியிருந்தன. எந்த இன்மை எந்தப் படியைத் தாக்குகிறது என்று பாராமல், ஒரு திட்டம் வென்றதா தோற்றதா எனத் தீர்ப்பளிப்பது இதனாலேயே பிழையாகிறது.

உடல் என்னும் முதற்கருவி

பள்ளிக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வறுமை தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. தாயின் வயிற்றில் இருக்கும் காலமும் பிறந்தபின் வரும் முதல் இரண்டு ஆண்டுகளும் மூளை மிக விரைந்து வளரும் பருவம். அப்போது நெடுநாள் நீடிக்கும் ஊட்டக்குறை, வயதுக்கேற்ற உயரமின்மையாக வெளியே தெரிகிறது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒருவர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர். இந்திய அளவில் இது மூன்றில் ஒருவருக்கும் மேல். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளில் இரத்தச்சோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 57 விழுக்காடு, இந்தியாவில் 67 விழுக்காடு. பொதுச் சுகாதாரத்தில் முன்னணியில் உள்ளதாகக் கருதப்படும் மாநிலத்திலும் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரத்தச்சோகையோடு இருக்கின்றனர் என்பதே இதன் பொருள்.

இரத்தச்சோகையுள்ள பிள்ளை படுத்த படுக்கையாய்க் கிடப்பதில்லை. வகுப்பில் அமர்ந்துதான் இருக்கும். கவனம் விரைவில் சோர்வதும், விளையாட்டில் ஒதுங்குவதும், ஆசிரியர் இருமுறை சொன்னதை மறப்பதும் சோம்பலாகவோ மந்தபுத்தியாகவோ எண்ணப்படுகின்றன. கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளையின் நிலையும் இதுவே: ஒரு கண்ணாடியால் தீரக்கூடிய குறை, எவரும் சோதித்துப் பாராததால், படிப்பு ஏறவில்லை என்னும் பட்டமாக மாறிவிடுகிறது. பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையும், 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாளும், பள்ளிக்கே வந்து செய்யப்படும் கண் பரிசோதனையும் சிறியவை போலத் தோன்றினும், வறுமைக்கும் கற்றலுக்கும் இடையிலுள்ள உடல்வழித் தடங்களை அடைக்கும் முயற்சிகளாகவே அவற்றைக் காண வேண்டும்.

ஓரணாவிலிருந்து காலை உணவு வரை

பசியைக் கல்விச் சிக்கலாக ஏற்றுக்கொள்வதற்கே நெடுங்காலம் பிடித்தது. சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள தன் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் நண்பகல் உணவு வழங்க 1920இல் தீர்மானித்தது. வருகை கூடியதைக் கண்டு மேலும் சில பள்ளிகளுக்கும் அதை விரித்தது. தொடக்கக் கல்விக்கான நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிடக்கூடாது என்று ஆங்கில அரசு மறுத்ததால் 1925இல் அத்திட்டம் நின்றது. எழுதுபலகை கல்விச் செலவு, அதன்முன் அமர்ந்த பிள்ளையின் பசி கல்விச் செலவு அன்று என்ற கணக்கு, இன்றும் பல நாடுகளின் வரவு செலவுத் திட்டங்களில் வெவ்வேறு வடிவில் தொடர்வதுதான்.

காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1956இல் மதிய உணவுத் திட்டம் ஊர் மக்களின் நன்கொடையோடு தொடங்கி அரசின் பங்கும் சேர்ந்து வளர்ந்தது. எம்.ஜி. இராமச்சந்திரன் 1982 சூலை முதல் நாள் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், சிற்றூர்களின் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளையும் பள்ளி வயதை எட்டாத மழலையரையும் ஒருங்கே உள்ளடக்கியது. அதே ஆண்டில் நகரங்களுக்கும், இரண்டாண்டுகளில் உயர் வகுப்புகளுக்கும் விரிந்தது. அரசின் நிதி இதைத் தாங்காது என்ற கண்டனம் அன்று பலமாக எழுந்தது. இந்திய அரசு தொடக்கப் பள்ளிகளுக்கான தேசிய ஊட்டத் திட்டத்தை 1995இல் அறிவித்தபோதும் பல மாநிலங்கள் தானியத்தை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பின. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே சமைத்த உணவு நாடெங்கும் பள்ளிக்கூடத்தின் பகுதியாயிற்று.

நண்பகல் உணவு நிலைபெற்ற பின்னும் காலைப் பசி அப்படியே இருந்தது. கூலி வேலைக்கு விடியலில் கிளம்பும் தாய் தந்தையரின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்து, கணக்கும் மொழியும் கற்பிக்கப்படும் முற்பகல் வகுப்புகளில் மதிய மணியை எதிர்நோக்கி அமர்ந்திருந்தனர். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி 1,545 பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவடைந்ததன் பின்னணி இதுதான். ஓரணா உணவுக்கும் காலை உப்புமாவுக்கும் இடையே நூறாண்டு கழிந்திருக்கிறது.

பள்ளி உணவின் பயனை ஆய்வுகள் பல கோணங்களில் உறுதிசெய்துள்ளன. ஆந்திரப் பகுதியில் குழந்தைப் பருவத்திலேயே வறட்சியின் பாதிப்புக்கு உள்ளான பிள்ளைகள், பின்னர் பள்ளி உணவு பெற்றபோது இழந்த உடல் வளர்ச்சியைப் பெரிதும் ஈடுசெய்தனர் என்று அபிஜீத் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டெபான் டெர்கான் ஆகியோரின் ஆய்வு காட்டியது. சிறுமியாக இருந்தபோது பள்ளியில் மதிய உணவு உண்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் பிறந்த பிள்ளைகளிடம் உயரக்குறைவு குறைந்திருந்தது என்று 2021இல் வெளியான இந்திய அளவிலான மற்றோர் ஆய்வு கண்டது. ஒரு தலைமுறையின் தட்டில் விழுந்த சோறு அடுத்த தலைமுறையின் உடலில் தெரிகிறது என்றால், அச்செலவை ஓராண்டுத் தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் வைத்து மதிப்பிடுவது போதாது.

இடம், நேரம், உழைப்பு

பள்ளி முடிந்து வீடு திரும்பியதும் வறுமையின் அடுத்த முகம் தோன்றுகிறது. சமையலும் படுக்கையும் விருந்தினரும் ஒரே அறைக்குள் அடங்க வேண்டிய வீட்டில், அமைதியாக அமர்ந்து எழுத ஒரு மூலை என்பது எளிதில் கிடைப்பதில்லை. பாடம் வகுப்பில் தொடங்கி வீட்டில் முடிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் அமைந்த பள்ளிமுறை, வீட்டில் மேசையும் விளக்கும் ஓய்ந்த பொழுதும் படித்த பெரியவர் ஒருவரும் இருப்பதாகத் தானே கருதிக்கொள்கிறது. வீட்டுப்பாடம் என்பது அந்த அளவில் மாணவரின் திறமைக்கு வைக்கும் சோதனையாக இருப்பதைவிட வீட்டின் வசதிக்கு வைக்கும் சோதனையாகவே அமைந்துவிடுகிறது.

நேரமின்மை பெண்பிள்ளைகளைக் கூடுதலாக அழுத்துகிறது. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுதல், தண்ணீர் எடுத்தல், தாய் வேலைக்குச் சென்ற நாளில் உலை வைத்தல் ஆகியவை பொதுவாகக் குழந்தைத் தொழிலாளர் என்ற தலைப்பின்கீழ் வருவதில்லை. படிப்பிலிருந்து எடுக்கப்படும் மணிகள் என்ற அளவில் அவையும் உழைப்பே. கூலிக்கான உழைப்பின் வரலாறும் தமிழ்நாட்டில் நீண்டது. சிவகாசியைச் சுற்றியுள்ள தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் பிள்ளைகள் ஈடுபடுத்தப்பட்டமை பல ஆண்டுகள் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. பின்னர் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில், மூன்றாண்டு வேலைக்குப் பின் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லிப் பதின்ம வயதுப் பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலைவாங்கிய முறை, சுமங்கலித் திட்டம் என்ற மங்கலப் பெயரோடு பலரின் பள்ளிப் படிப்பை முடித்துவைத்தது. இங்கே குடும்பத்தை உந்தியது அன்றாடப் பசி மட்டுமன்று. வரதட்சணை என்னும் எதிர்காலக் கடனும் ஆகும். வறுமை சமூக வழக்கத்தோடு கைகோக்கும்போது எப்படிப் பாலின வேற்றுமையாக மாறுகிறது என்பதற்கு இது தெளிவான சான்று.

இடம்பெயரும் குடும்பங்களின் நிலை இன்னும் கடினமானது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் முன்பணம் பெற்றுக்கொண்டு செல்லும் குடும்பங்கள் ஆண்டில் பல மாதங்கள் சொந்த ஊரில் இருப்பதில்லை. பிள்ளையின் பெயர் ஊர்ப்பள்ளிப் பதிவேட்டில் இருக்க, பிள்ளை சூளைக்களத்தில் பச்சைக்கல் அடுக்கிக்கொண்டிருக்கும். சென்னையைச் சுற்றிய சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளரின் பிள்ளைகளுக்காக, பணியிடத்திலேயே ஒடியா மொழிப் பாடநூல்களோடு பள்ளிகள் நடத்தப்பட்டமை, பிள்ளை இருக்கும் இடத்துக்குப் பள்ளி செல்ல வேண்டும் என்ற அறிவின் வெளிப்பாடு.

நெருக்கடியில் இருக்கும் மனம்

வறுமை கைப்பொருளை மட்டுமன்றிக் கவனத்தையும் உண்கிறது என்பதை நிறுவிய ஆய்வுகளில் உலகப் புகழ்பெற்ற ஒன்று தமிழ்நாட்டு மண்ணில் நடந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷாபிர், ஜியாயிங் ஜாவ் ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டச் சிற்றூர்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் சோதித்து, முடிவை 2013இல் வெளியிட்டனர். கரும்புக்கான பணம் ஆண்டுக்கு ஒருமுறையே கைக்கு வருவதால், அறுவடைக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக்கடைக்குச் செல்வதும் கைமாற்று வாங்குவதும் மிகுதி. அதே மனிதர் பணமுடைக் காலத்தில் சிந்தனைச் சோதனைகளில் குறைவாகவும், பணம் வந்தபின் கூடுதலாகவும் செயல்பட்டார். அறிவு குறைந்ததால் வறியவர் ஆனார் என்ற பழைய எண்ணத்தைத் தலைகீழாக்கி, முடை அறிவின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று அவ்வாய்வு வாதிட்டது.

அது பெரியவர்களைப் பற்றிய ஆய்வாயினும் பிள்ளைகளின் கல்வியோடு அதற்கு உறவுண்டு. மகளின் பள்ளிக் கூட்டத்துக்கு வராத தந்தையையும், கையெழுத்திட வேண்டிய குறிப்பேட்டை மறந்த தாயையும் அக்கறையற்றோர் என்று பள்ளி எளிதில் முடிவுகட்டுகிறது. பீகார், மத்தியப் பிரதேசம், இராசசுத்தான், உத்தரப் பிரதேசம், இமாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் நடத்தப்பட்டு 1999இல் வெளிவந்த அடிப்படைக் கல்வி பற்றிய மக்கள் அறிக்கை, வறிய பெற்றோரும் பிள்ளைகளைப் படிக்கவைக்கப் பெரிதும் விரும்புகின்றனர் என்றும், விருப்பத்தைத் தகர்ப்பவை செலவும் இயங்காத பள்ளிகளுமே என்றும் கண்டது. தவணையும் வட்டியும் வாடகையும் நிறைந்த மனத்தில் விருப்பம் இருக்கும். அதைப் பின்தொடரும் ஓய்வு இராது.

சில்லறைச் செலவுகள்

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இலவச, கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியது. கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் வேறு வேறு. சீருடை, நோட்டுப்புத்தகம், வடிவியல் பெட்டி, பேருந்துச் சீட்டு, செயல்திட்டத்துக்கான அட்டையும் வண்ணமும், ஆண்டுவிழாவுக்கான உடை, சுற்றுலாவுக்கான பணம் என வரும் ஒவ்வொன்றும் தனித்துப் பார்த்தால் சிறியது. நாட்கூலிக் குடும்பத்தில் அவை அனைத்தும் அரிசியோடும் மருந்தோடும் போட்டியிடுகின்றன. பணம் கொண்டுவராதவர் எழுந்து நிற்கட்டும் என்று ஓர் ஆசிரியர் சொல்லும் நொடியில், பொருளின்மை அவமானமாக மாறுகிறது. பிள்ளை பள்ளியைத் தவிர்ப்பதற்குப் பல வேளைகளில் பொருளின்மையைவிட அந்த அவமானமே காரணமாகிறது.

இலவசப் பாடநூல், சீருடை, காலணி, புத்தகப்பை, பேருந்துப் பயண அட்டை, மேல்நிலை மாணவருக்கான மிதிவண்டி எனத் தமிழ்நாடு வரிசையாக வழங்கியவற்றை வாக்குக்கான இலவசங்கள் என்று இகழ்வது எளிது. ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு தடைக்கு நேரானது என்பதைக் கண்டால் அவ்விகழ்ச்சி நிற்காது. பீகார் அரசு 2006இல் ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்த திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் உரிய வயதுப் பெண்களின் சேர்க்கை 32 விழுக்காடு உயர்ந்ததையும் ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு சுருங்கியதையும் கண்டனர். பெண்கல்விக்குத் தடை பெற்றோரின் மனப்பான்மை என்று நெடுநாள் கூறப்பட்டுவந்த இடத்தில், தொலைவும் வழித்துணையின்மையும் எவ்வளவு பங்கு வகித்தன என்பதை அது வெளிப்படுத்தியது.

பள்ளியின் வாயில் எல்லோருக்கும் திறந்தபின் தடை மேலே நகர்கிறது. 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47. இந்திய விகிதம் 28.4. இந்த உயர்வு பெருமைக்குரியது. ஆனால் எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தில் என்ற வினாவுக்கு வரும் விடையில் குடும்பத்தின் பொருள்நிலை மீண்டும் தலைகாட்டுகிறது. பொதுத்தேர்வுக்கு டியூஷன், நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சி மையம், தோற்றால் ஓராண்டு வீட்டிலிருந்து மீண்டும் எழுதுதல் ஆகியவை பணம் உள்ளவர்க்கே இயலும். மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2020இல் தமிழ்நாடு சட்டமாக்க நேர்ந்ததும், அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்ததும், தடை தொடக்கப் பள்ளி வாசலிலிருந்து கல்லூரி வாசலுக்கு நகர்ந்துவிட்டதை ஒப்புக்கொள்ளும் செயல்களே.

இந்நகர்வை விளக்கப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ வகுத்த பண்பாட்டு மூலதனம் என்ற கருத்து உதவும். பேச்சுமுறை, நூல்களோடு பழக்கம், எந்தப் படிப்பு எங்கே இட்டுச்செல்லும் என்ற அறிவு, அலுவலகத்தில் தயங்காமல் கேட்கும் துணிவு ஆகியவை படித்த குடும்பத்தில் விலையின்றி மரபாக வருகின்றன. பள்ளியும் தேர்வும் அவற்றைத் திறமை என்ற பெயரில் மதிப்பிடுகின்றன. முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தமிழ்நாட்டில் சான்றிதழ் வழங்கிச் சலுகை தரும் வழக்கம், வருமானத்தில் தெரியாத இந்த இன்மையை ஓரளவு கணக்கில் எடுக்கும் முயற்சி.

சாதியும் வறுமையும்

இந்தியச் சூழலில் வறுமையைச் சாதியிலிருந்து பிரித்துப் பேசுவது பாதி உண்மையையே தரும். நிலமின்மை, ஊருக்கு வெளியே குடியிருப்பு, இழிவாகக் கருதப்படும் தொழில் ஆகியவை தலைமுறைகளாகச் சில சமூகங்கள்மேல் சுமத்தப்பட்டதால், அவர்களின் பொருளின்மை தற்செயலானதன்று. பசியைத் தீர்க்கும் உணவுகூட இவ்வேற்றுமையிலிருந்து தப்பவில்லை: 2018இல் திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பட்டியல் சாதிப் பெண் பள்ளியில் சத்துணவு சமைப்பதற்குச் சில பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தது வழக்காயிற்று. ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது பள்ளி உணவின் எழுதப்படாத பாடம் என்பதும், அப்பாடம் இன்னும் முழுமையாகக் கற்கப்படவில்லை என்பதும் அந்நிகழ்ச்சியால் தெரிந்தன.

இருளர் போன்ற பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தடை காகிதத்தின் வடிவில் வருகிறது. கல்வி உதவித்தொகைக்கும் விடுதிக்கும் ஒதுக்கீட்டுக்கும் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதைப் பெற நிலையான முகவரியும் முன்னோரின் ஆவணங்களும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பலமுறை செல்லும் கூலியிழப்பும் வேண்டும். மிகவும் வறியவர்க்கென்று வகுக்கப்பட்ட உதவி, மிகவும் வறியவரிடம் இல்லாத ஒன்றை நுழைவுச்சீட்டாகக் கேட்கும்போது, இன்மை தன்னைத்தானே காத்துக்கொள்கிறது.

பள்ளியால் இயலுமா?

குடும்பத்தின் நிலையே பெரிதும் முடிவுசெய்கிறது எனில் பள்ளியால் ஆவது என்ன என்ற ஐயம் பழமையானது. அமெரிக்காவில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு 1966இல் அளித்த அறிக்கை, மாணவர் அடைவில் காணப்படும் வேறுபாட்டுக்குப் பள்ளிகளின் வசதி வேறுபாட்டைவிடக் குடும்பப் பின்னணியே கூடுதல் காரணம் என்றது. அதற்கு மறுதலையாக, அமெரிக்க அரசியலறிஞர் மைரன் வீனர் இந்தியக் குழந்தைகளைப் பற்றி 1991இல் எழுதிய நூலில், தொடக்கக் கல்வி பரவாமைக்கு வறுமையைக் காரணம் காட்டுவது போதாது என்றும், ஏழைப் பிள்ளைக்குப் பள்ளி பெரிதும் தேவையில்லை என்று கருதிய மேல்தட்டினரின் மனநிலையும் அதை ஏற்ற அரசுமே காரணம் என்றும் வாதிட்டார். இந்தியாவை ஒத்த வருமானமுள்ள நாடுகள் கட்டாயக் கல்வியை நிறைவேற்றியிருந்தமை அவருடைய வலுவான சான்று.

பள்ளியின் பங்கு எவ்வளவு என்பதைத் துன்பகரமான ஒரு காலம் அளந்து காட்டியது. கொரோனாப் பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் முதல் நாளில்தான் திறந்தன. தமிழ்நாட்டுச் சிற்றூர்ப் பிள்ளைகளைத் தொற்றுக்கு முன்னும் பின்னும் சோதித்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர், அதே ஊர்களில் 2019இல் அதே வயதில் இருந்தவர்களைவிட 2021 இறுதியில் இருந்தவர்கள் கணிதத்தில் ஏறத்தாழ 0.7 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்ததாகக் கண்டனர். திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதைக் காட்டும் அளவை. நூறு பேரில் ஐம்பதாம் இடத்தில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை எழுபத்தைந்தாம் இடத்துக்கு இறங்குவதற்கு இது ஏறத்தாழ ஒப்பாகும். மொழிப்பாடத்தில் இழப்பு இதில் பாதியளவு. இழப்பு வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளிடமே கூடுதல்; பள்ளி நின்ற நாளில் வீடு மட்டுமே எஞ்சியது, வீடுகளோ சமமாக இல்லை.

பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களில் அந்த இழப்பில் மூன்றில் இரு பங்கு மீண்டது என்பது அவ்வாய்வின் மறுபாதி. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், ஊரிலேயே வாழும் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைச் சேர்த்துவைத்துக் கற்பித்தனர். மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு அத்திட்டமே காரணம் என்று கணக்கிடப்பட்டது. இழப்பு ஏழைகளை மிகுதியாகத் தாக்கியது போலவே மீட்சியும் ஏழைகளிடமே மிகுதியாக இருந்தது. டியூஷனுக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு மாலையில் ஓர் இடம், ஒரு விளக்கு, கேட்டால் சொல்லித்தர ஒருவர் ஆகிய மூன்றையும் பொதுச்செலவில் கொடுத்ததன் விளைவு அது.

முடிபு

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று நெறிகள் தெளிகின்றன. முதலாவது, இன்மையை நீக்கும் பொருள் பிள்ளை இருக்கும் இடத்தில், உரிய வேளையில், பொருளாகவே கிடைக்கும்போது பயன் மிகுதி. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய தானியத்துக்கும் தட்டில் பரிமாறிய உணவுக்கும் இருந்த வேறுபாடு இதையே உணர்த்தியது. இரண்டாவது, எல்லோர்க்கும் பொதுவாக வழங்குவது, தகுதியானவரைத் தேடிப் பிரித்து வழங்குவதைவிடச் சிறந்தது. ஏழை என்று எழுந்து நின்று மெய்ப்பிக்க வேண்டிய அவமானமும், சான்றிதழ் இன்மையால் விடுபடும் இழப்பும் பொதுவழங்கலில் இல்லை. மூன்றாவது, ஒரு தடை நீங்கியதோடு பணி முடிந்ததாக எண்ணாமல், அது அடுத்து எந்தப் படிக்கு நகர்ந்துள்ளது என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இம்மூன்றாம் நெறியின்படி நோக்கினால், இன்று தமிழ்நாட்டில் சேர்க்கையும் வருகையும் பெரும்பாலும் தீர்ந்த சிக்கல்கள், தீராதது கற்றல். சோறும் நூலும் சீருடையும் பெற்று எட்டாம் வகுப்பு வரை வந்த பிள்ளை, தாய்மொழியில் ஒரு பத்தியைத் தடுமாறாமல் படிக்கவும் வகுத்தல் கணக்கைப் போடவும் இயலாதிருப்பின், அதற்குரிய இன்மை உணவிலோ உடையிலோ இல்லை. தன்னருகே அமர்ந்து திருத்தித்தரும் ஒருவருடைய நேரத்தில் இருக்கிறது. வசதியுள்ள குடும்பம் அந்நேரத்தைத் தானே கொடுக்கிறது, அல்லது விலைக்கு வாங்குகிறது. தொற்றுக்கால இடர்நீக்கமாக வந்த மாலைநேரக் கற்பித்தலை மதிய உணவைப் போன்று பள்ளியின் நிலையான உறுப்பாக்குவதும், பின்தங்கிய பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்குக் கூடுதல் ஆசிரியர்களை அனுப்புவதும், பதின்ம வயதுப் பெண்களின் நேரத்தை வீட்டுவேலையிலிருந்து மீட்கும் குழந்தைக் காப்பகங்களையும் குடிநீர் இணைப்புகளையும் கல்விச் செலவாகவே கணக்கிடுவதும் அடுத்துச் செய்ய வேண்டியவை. ஓரணாச் சோற்றைக் கல்விச் செலவாக ஏற்க மறுத்த அரசின் வாதம் இன்று எவருக்கும் ஏற்புடையதாக இல்லை; பிள்ளைக்கு வேண்டிய நேரத்தையும் துணையையும் குடும்பத்தின் பொறுப்பென்று ஒதுக்கும் இன்றைய வாதமும் அதைப்போலவே காலாவதியாக வேண்டும்.